60 கிலோமீட்டர் பேட்டரியில் ஏலகிரி ஏற முடியுமா?

கேள்வி: வயது 61. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வாணியம்பாடியில் வசிக்கிறேன். முழங்கால் வலியால் சைக்கிளை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மின்சார சைக்கிள் வாங்கினால் ஏலகிரிக்கு ஏறிப் போய்வர முடியுமா? ஒருமுறை சார்ஜ் செய்தால் 60 கிலோமீட்டர் ஓடும் என்று கடையில் சொல்கிறார்கள். மேலே போன பிறகு காட்டுப் பாதைகளிலும் ஓட்டலாமா? மனைவியையும் அழைத்துப் போக ஆசை.

பதில்: போய்வர முடியும், ஐயா. ஆனால் கடையில் வரிசையாக நிறுத்தியிருக்கும் எல்லா சைக்கிளிலும் முடியாது. நல்ல சைக்கிளாகவே இருந்தாலும், பெடலை மிதிக்காமல் முழு வேலையையும் மோட்டாரின் தலையில் கட்டினால் பாதி மலையில் நின்றுவிடுவீர்கள்.

முதலில் அந்த 60 கிலோமீட்டரைப் பார்ப்போம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சமதளச் சாலையில், காற்று எதிர்க்காத நாளில், ஓட்டுபவரும் மிதித்துக்கொண்டே போனால் அந்தத் தூரம் கிடைக்கும். மலைக்குப் போகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. அங்கே பேட்டரியைத் தின்பது தூரத்தைவிட உயரம்தான். எனவே சைக்கிள் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். பேட்டரி எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்-மணி என்று கேளுங்கள். இரண்டையும் பெருக்கினால், பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவான வாட்-மணி வரும். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி என்றால் 270 வாட்-மணி. அதே 36 வோல்ட்டில் 10.4 ஆம்பியர்-மணி என்றால் ஏறத்தாழ 374.

இப்போது மலையைப் பார்ப்போம். பொன்னேரி அடிவாரத்திலிருந்து அத்தனாவூர் வரை நீங்கள் ஏறப்போவது சுமார் 650 மீட்டர் உயரம். உங்கள் எடை, சைக்கிளின் எடை, தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 105 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவையும் மேலே தூக்க மட்டும் 186 வாட்-மணி ஆற்றல் வேண்டும். டயர் சாலையில் உருளும் தடையையும் சேர்த்தால் 225 அளவுக்கு வரும். மெதுவாக ஏறும்போது மோட்டார், தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெப்பமாக இழந்துவிடும். ஆகவே மோட்டாரை மட்டும் நம்பினால் பேட்டரியிலிருந்து சுமார் 340 வாட்-மணி போகும். 270 வாட்-மணி பேட்டரி மேலே போய்ச் சேராது. 374 வாட்-மணி பேட்டரி சேரும். ஆனால் வாணியம்பாடியிலிருந்து பொன்னேரிக்கு வரவே ஒரு 75 செலவாகியிருக்கும், மிச்சம் 300கூட இருக்காது என்பதை மறக்கக் கூடாது.

நீங்களும் மிதித்தால் கணக்கே வேறு. மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே மிதிக்கும் அளவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் மிதித்தால் போதும். பேட்டரியின் செலவு 200 அளவுக்கு இறங்கிவிடும். முழங்கால் வலி இருக்கும்போது எப்படி மிதிப்பது என்று கேட்பீர்கள். முழங்காலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் பெரிய கியரில் அழுத்தி அழுத்தி மிதிப்பதும், சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொள்வதும்தான். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் உங்கள் சீட்டின் உயரம். பிறகு சிறிய கியரில் (பின்சக்கரத்தில் சங்கிலி பெரிய பல்சக்கரத்தில் இருக்கும் நிலை), நிமிடத்துக்கு அறுபது எழுபது சுற்று, லேசாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஆனாலும் வலிக்கு என்ன காரணம் என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு இதில் இறங்குவது நல்லது. தேய்மானம் வேறு, தசைநார்ப் பிரச்சினை வேறு.

எந்த சைக்கிள்? கியர் இல்லாத ஒற்றை வேக சைக்கிளை மலைக்கென்று விற்க வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். பின்சக்கரத்தில் ஏழு கியராவது வேண்டும். அதில் மிகப் பெரிய பல்சக்கரம் 28 பல்லாக இருந்தால், 34 பல் உள்ளதாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். பெரிய செலவில்லை. முழங்காலுக்கு அது செய்யும் உதவியைப் பேட்டரியைப் பெரிதாக்கிப் பெற முடியாது. மோட்டார் நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் பின்சக்கரத்தின் அச்சில் இருக்கும் ஹப் மோட்டார்தான். பெடல் அச்சோடு இணைந்த மோட்டார் மலைக்கு இன்னும் நல்லது, கியரையும் அது பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் விலை மிக அதிகம். ஏலகிரிக்கு ஹப் மோட்டாரே போதும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிரேக் இரண்டு சக்கரத்திலும் டிஸ்க்காக இருக்கட்டும்.

கடையில் இன்னொரு ஆசையும் காட்டுவார்கள்: வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுகிறோம், நாற்பதில் பறக்கலாம் என்று. வேண்டாம். 250 வாட்டுக்கு உட்பட்டு, 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது உதவி நின்றுவிடும் சைக்கிளை நம் மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். அந்த எல்லையைத் தாண்டினால் நீங்கள் ஓட்டுவது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். ஒரு விபத்து நடந்தால் எங்கே போய் நிற்பீர்கள்? இறக்கத்தில் பேட்டரி தானாக நிரம்பும் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். நம் சந்தையில் அதிகம் கிடைக்கும், உள்ளே கியர் வைத்த ஹப் மோட்டார் இறக்கத்தில் சும்மா சுழலும். மின்சாரம் எதையும் திருப்பித் தராது.

வாங்கிய மறுநாளே ஏலகிரி வேண்டாம். முதலில் ஊருக்குள் இரண்டு வாரம். பிறகு ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குப் போய் வாருங்கள். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர். ஏற்றம் ஏலகிரியில் பாதி அளவுதான். ஜவ்வாது மலையின் மர நிழலும் உண்டு. என்னைக் கேட்டால் காட்சிக்கு ஏலகிரியைவிட அந்தச் சாலைதான் ஒரு படி மேல். வாரக்கடைசியில் கார்களும் குறைவு. வீடு திரும்பியதும் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று குறித்துவையுங்கள். உங்கள் எடைக்கும் உங்கள் காலுக்கும் உரிய கணக்கு அதிலிருந்துதான் கிடைக்கும்; நான் மேலே போட்டது தோராயம்.

ஏலகிரிக்கு வார நாளாகப் பார்த்து, விடியற்காலையில் கிளம்புங்கள். பொன்னேரி வரை சமதளத்தில் உதவியைக் குறைந்த நிலையில் வையுங்கள், முடிந்தால் நிறுத்தியே வையுங்கள். மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். முதலில் பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர் என்று புலவர்கள், அடுத்து பாரி, காரி, ஓரி என்று கடையெழு வள்ளல்கள். தமிழ் படித்தவருக்கு வழித்துணைக்குக் குறைவில்லை.

வளைவை எப்படிக் கடப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலரும் கீழே விழுவது அங்கேதான். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நீங்கள் உள்வட்டத்தில் இருப்பீர்கள். சாலையின் மிகச் செங்குத்தான பகுதி அதுதான். விலை குறைந்த சைக்கிள்களில், பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கும் உணரி இருக்கும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் மிதிப்பதை நிறுத்தினால் மோட்டார் அணையும். மறுபடி மிதித்தால் ஒரு கணம் தாமதித்து, திடீரென்று முழு வேகத்தில் தள்ளும். வளைவின் நடுவில் கியர் மாற்றப் போய்க் கால் நின்றால், சைக்கிளும் நின்று சாயும். பதறி மிதித்தால் மண்ணில் பின்சக்கரம் வழுக்கும். எனவே வளைவுக்கு இருபது அடி முன்பே சிறிய கியருக்கு வந்துவிடுங்கள். பிறகு காலை நிறுத்தாமல், மெதுவாக, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு ஏறுங்கள். பின்னால் பஸ் ஒலி எழுப்பினால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்று வழிவிடுங்கள், வளைவுக்குள் நிற்காதீர்கள். நின்ற இடம் செங்குத்தாக இருந்தால் ஆக்சிலரேட்டரை மட்டும் முறுக்கிக் கிளம்ப வேண்டாம். ஹப் மோட்டார் சூடேறுவது அப்படித்தான். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

புலவர்கள் முடிந்து வள்ளல்கள் தொடங்கும் இடத்தில் நிறுத்திப் பேட்டரியைப் பாருங்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது காட்டும் கோடுகளை நம்ப வேண்டாம். பாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்து, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். இரண்டு நிமிடம் நின்ற பிறகு தெரிவதுதான் உண்மை. அப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் திரும்பிவிடுங்கள். நிறுத்திய இடத்தில் கைப்பிடியில் பழப்பையைத் தொங்கவிடாதீர்கள். குரங்குகள் உங்களிடம் அனுமதி கேட்காது.

மேலே சாப்பிடப் போகும் இடத்தில், சார்ஜ் போட அனுமதிப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டு உட்காருங்கள். வழக்கமான இரண்டு ஆம்பியர் சார்ஜர் இரண்டு மணி நேரத்தில் 150 வாட்-மணி அளவுக்கு ஏற்றும். வாணியம்பாடி திரும்ப அதுவே தாராளம். ஏறிவந்த சூட்டோடு மாட்டாமல், பேட்டரியைக் கழற்றி நிழலில் அரை மணி ஆறவிட்டு மாட்டுங்கள்.

காட்டுப் பாதை விஷயத்தில் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். அத்தனாவூர், புங்கனூர் ஏரி, நிலாவூர் என்று ஊர்களை இணைக்கும் தார்ச்சாலைகளே ஒரு நாளுக்குப் போதும். அவற்றில் தாராளமாகச் சுற்றுங்கள். காப்புக் காடு என்ற பலகையைத் தாண்டி வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். மோட்டார் சத்தம் இல்லை என்பதால் சட்டம் தளராது. வனத்துறை 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளும் வழிகாட்டியோடு நடந்து போவதற்கானவை, சைக்கிளுக்கானவை அல்ல. ஏலகிரியில் உள்ள சுவாமிமலை உச்சிக்கும் நடந்தே போங்கள். 25 கிலோ சைக்கிளைக் கல்லிலும் வேரிலும் தூக்கிப்போவது அறுபத்தொரு வயதில் தேவையில்லாத வேலை.

இறக்கம் எளிது என்று நினைக்க வேண்டாம். ஏறும்போது செலவழித்த ஆற்றலில் பெரும்பங்கு இறங்கும்போது பிரேக்கில்தான் வெப்பமாக வெளியேறும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைந்ததும் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். டிஸ்க் தட்டைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரியும். பிரேக் பிடி கைப்பிடிவரை வருகிறது என்றால் கம்பி தளர்ந்திருக்கிறது. அங்கேயே திருகி இறுக்கிக்கொள்ளுங்கள். ஏறி வருகிறவர்களுக்கு வழிவிடுவது மலைச்சாலை விதி.

மனைவியைப் பின்னால் உட்காரவைப்பது நடக்காது. அந்தக் கேரியர் ஒரு பையைச் சுமப்பதற்கானது. இன்னொருவர் எடை கூடினால் மேலே போட்ட கணக்கும் உடைந்துவிடும், பிரேக்கும் தாங்காது. அவருக்கும் விருப்பம் இருந்தால் அதே மாடலில் இன்னொன்று வாங்குங்கள். ஒரே சார்ஜர் இரண்டுக்கும் பொருந்தும். சைக்கிள் வேண்டாம் என்பாரானால் திருப்பத்தூரிலிருந்து ஏலகிரிக்குப் பஸ் இருக்கிறது. அவர் அதில் வந்து அத்தனாவூரில் இறங்கட்டும். சார்ஜரையும் மதியச் சாப்பாட்டையும் அவரிடமே கொடுத்தனுப்பினால் உங்களுக்கு இரண்டு கிலோ மிச்சம்.