மகளுக்கு 'விசும்பு' என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எனக்குப் பெண் குழந்தை பிறந்து 17 நாள் ஆகிறது. கல்லூரியில் படித்த நாளிலேயே, மகள் பிறந்தால் 'விசும்பு' என்று பெயர் வைப்பதென்று முடிவு செய்திருந்தேன். பழம்பாடல்களில் வானத்துக்கு வழங்கிய சொல் அது. கணவர் முதலில் சம்மதித்தார். இப்போது, "நாலு பேருக்குத் தெரிந்த பெயராக வைத்துவிடலாமே" என்கிறார். அலுவலகத் தோழி சிரித்துவிட்டு, "வேலைக்கு விண்ணப்பம் போட்டால் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள்" என்றாள். மாமியார் கேட்கவே மறுக்கிறார். "நான் பட்டது போதும், என் பேத்தியும் பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மற்றவர்களின் குறுகிய மனத்துக்காக என் ஆசையை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? இன்னும் சில நாட்களில் பெயரைப் பதிவு செய்யப் போகிறோம்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

தாய்க்கும் மகளுக்கும் என் வாழ்த்துகள். தூக்கம் கெட்ட இரவுகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அரிய பெயர் வைப்பதில் தவறே இல்லை. ஆனால் இந்த ஒரு பெயரைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்துக்கும் உங்கள் தோழி சொன்ன காரணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

தோழியின் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். பெயரைப் பார்த்தே ஆளை ஒதுக்குவது உண்மையில் நடக்கிற கொடுமைதான். மரியான் பெர்ட்ரண்டும், நம் காதுக்குப் பழகிய பெயருள்ள செந்தில் முல்லைநாதனும் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2004ல் வெளியானது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். எல்லாம் ஆய்வுக்காகத் தயாரித்தவை. சிலவற்றில் எமிலி, கிரெக் போல வெள்ளையர்கள் வைத்துக்கொள்ளும் பெயர்கள். மற்றவற்றில் லகிஷா, ஜமால் போலக் கறுப்பினத்தவர் வைத்துக்கொள்ளும் பெயர்கள். வெள்ளையர் பெயருக்கு 10 விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயருக்கு ஒரு அழைப்பு வர 15 விண்ணப்பம் தேவைப்பட்டது. தகுதியில் வேறுபாடு இல்லை. பெயர் மட்டும்தான் வேறு.

இதைக் கேட்டதும், "பார்த்தாயா, பொதுவான பெயர்தான் பாதுகாப்பு" என்று தோழி சொல்லக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜமால் என்பது யாரும் கேள்விப்படாத பெயர் இல்லையே. அங்கே கடிதத்தைப் பிரித்தவர் பெயரின் புதுமையைப் பார்க்கவில்லை. பெயருக்குப் பின்னால் எந்த மனிதர் இருப்பார் என்று தானாக ஊகித்துக்கொண்டார். ஜெர்மனியில் நடந்தது இதைவிடத் தெளிவு. 1990களின் தொடக்கத்தில் அங்கே தெருவுக்குத் தெரு கெவின் என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் அது ஏழை எளிய வீட்டுப் பெயர் என்ற எண்ணம் படிந்துவிட்டது. பெயரைக் கொண்டு ஆசிரியர்கள் மாணவர்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2009ல் வெளியிட்டபோது, "கெவின் என்பது பெயர் அல்ல, நோய்" என்ற பொருளில் ஓர் ஆசிரியர் எழுதியிருந்தது நாடு முழுவதும் பேச்சாயிற்று. அந்தப் பெற்றோர் நாலு பேருக்குத் தெரிந்த பெயராகப் பார்த்துத்தானே வைத்தார்கள்? அதுவே அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை.

பெயர் ஒன்றே வாழ்க்கையைக் கெடுத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ரோலண்ட் ஃப்ரையரும் ஸ்டீவன் லெவிட்டும் கலிபோர்னியாவில் பிறந்தவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2004ல் எழுதினார்கள். பிறந்த வீட்டின் வசதி, சூழல் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகு, பெயருக்கும் பிற்கால வாழ்க்கை நிலைக்கும் எதிர்மறையான தொடர்பு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. வாசலில் ஒருவர் பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்தலாம். அது அநியாயம். ஆனால் ஒரு பிள்ளைக்கு வாசல் ஒன்றோடு முடிந்துவிடுவதில்லை. ஆகவே வேலை கிடைக்காது என்ற பயத்துக்காக மட்டும் நீங்கள் பெயரை மாற்ற வேண்டாம்.

இனி என் தயக்கத்துக்கு வருகிறேன். நான் 22 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள். ஒரு ஜூன் மாதம், புது வகுப்பின் முதல் நாள். வருகைப் பதிவேட்டை விரித்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தேன். ஒரு பெயரில் நாக்கு நின்றுவிட்டது. அது ஒரு காட்டுப் பூவின் பெயர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்துவிட்டது. "நான்தான் டீச்சர்." எட்டு வயதுப் பெண். எந்த இடத்தில் புது ஆசிரியர் நிற்பார் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. நான் யோசிக்காமல், "இது என்ன பெயர்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. கேலி செய்ய நினைத்து நான் கேட்கவில்லை. ஆனால் "இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருந்தால் அந்தச் சிரிப்பு எழுந்திருக்காது. மறுநாள் அவளைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர், எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்" என்றாள். எட்டு வயதில் அவளுக்கு 'எல்லாரும்' என்று ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்தக் குழந்தையிடம் விளக்கம் இருந்தது. பூவின் நிறத்தைச் சொன்னாள், அது எங்கே பூக்கும் என்று சொன்னாள், நோட்டில் வரைந்தும் காட்டினாள். அடுத்த வாரமே அந்தப் பெயர் எங்கள் எல்லாருக்கும் பழகிவிட்டது. விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடுகிற பெயர் அது. விளக்க விளக்கக் கேலி கூடுகிற பெயர்கள் வேறு வகை. அங்கேதான் எனக்கு உங்கள் மகளைப் பற்றிய கவலை வருகிறது.

விசும்பு என்றால் வானம். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உங்கள் மகளோடு விளையாடப் போகும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த விசும்பு வேறு. தேம்பித் தேம்பி, சத்தம் வெளியே வராமல் அழுவதை அல்லவா இன்று நாம் விசும்புவது என்கிறோம்? "ஏன் விசும்புகிறாய்?" என்பது எந்த வீட்டிலும் கேட்கிற கேள்வி. குழந்தை ஒருநாள் விளையாட்டில் விழுந்து உண்மையிலேயே அழுவாள். அப்போது, "விசும்பு விசும்புகிறாள்" என்று எவனாவது ஒரு பையன் சொல்வான். அதைக் கண்டுபிடிக்க அவனுக்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. மொழியே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. உங்கள் மகள், "இல்லை, இது வானம்" என்று சொல்லச் சொல்லக் கண் கலங்கும். கண் கலங்கக் கலங்க அவன் சொன்னதே மெய்யாகிவிடும். நான் சொன்ன பூப்பெயர்ப் பெண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கேலி செய்கிறவர்கள் பெரியவர்கள் என்றால் பேசித் திருத்தலாம். விளையாட்டுத் திடலில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். குழந்தைகளின் வாய் அதைவிடப் பெரியது.

மற்றவர்களின் குறுகிய மனத்துக்காக நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் யோசியுங்கள். அந்தக் குறுகிய மனத்தோடு நாள்தோறும் மோதப்போவது நீங்கள் அல்ல. 2008ல் நியூசிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. ஒன்பது வயதுச் சிறுமி. ஹவாய்த் தீவின் ஹூலா நடனத்தைப் பற்றிய ஒரு வாக்கியத்தையே பெற்றோர் அவளுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். நெருங்கிய தோழிகளிடம்கூட அவள் தன் முழுப் பெயரைச் சொன்னதில்லை. பெயரை மாற்றுவதற்காகவே நீதிமன்றம் அவளைத் தற்காலிகமாகத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உங்கள் பெயரை அதோடு நான் ஒப்பிடவில்லை. உங்களுடையது அழகான சொல். ஆனால் சொந்தப் பெயரைச் சொல்லக் கூசுகிற பிள்ளை எப்படி இருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வழக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கும் உண்டு. ஐஸ்லாந்தில் ஒரு தாய் மகளுக்கு 'இளங்காற்று' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அங்கே பெயர்களுக்கு அரசின் ஒப்புதல் பட்டியல் இருக்கிறது. அந்தச் சொல் இலக்கணப்படி ஆண்பால் என்று சொல்லி, பெண்ணுக்கு அனுமதி மறுத்தார்கள். அரசு ஆவணங்களில் அந்தப் பெண்ணின் பெயர் வெறும் 'சிறுமி' என்றே பல ஆண்டுகள் இருந்தது. 2013ல், தன் 15 வயதில், நீதிமன்றத்தில் வழக்காடிப் பெயரை வாங்கினாள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது, அதற்காகப் போராடினாள். நியூசிலாந்துச் சிறுமி ஒளித்துவைத்தாள், ஐஸ்லாந்துப் பெண் உரிமை கொண்டாடினாள். இரண்டுமே அரிய பெயர்கள்தான். உங்கள் மகள் பெயரைச் சொல்லும்போது இந்த இருவரில் யாரைப் போல இருப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள்.

வானத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழில் வானுக்குச் சொல்லா இல்லை? விண், வான், அம்பரம், உம்பர் என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றில் ஒன்றை வைத்து நீங்களே ஒரு பெயரைக் கட்டலாம்; யாரும் இதுவரை வைக்காத பெயராகவே அது அமையட்டும். கட்டிய பெயரை நான்கைந்து பேரிடம் ஒருமுறை மட்டும் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கில் எளிதாக வருகிற பெயருள்ளவர்களைப் பற்றி மற்றவர்கள் நல்லபடியாக நினைக்கிறார்கள் என்று 2012ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெயர் எவ்வளவு அரியது, எவ்வளவு நீளம் என்பதைவிட அது வாயில் எப்படி வருகிறது என்பதற்கே அங்கே எடை அதிகம். அடுத்தபடி, அதைச் செல்லமாகவும் கோபமாகவும் கூப்பிட்டுப் பாருங்கள். கூடப் படிக்கும் பிள்ளைகள் அதை எப்படியெல்லாம் திரிப்பார்கள் என்று உங்கள் வீட்டுச் சிறுவர்களிடமே கேட்டுவிடுங்கள். அவர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

'விசும்பு' வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கட்டும். உங்களுக்கும் அவளுக்கும் மட்டுமேயான பெயர். வளர்ந்து, அந்தப் பழம்பாடல்களைத் தானே படித்து, "அம்மா, இதுதான் இனி என் பெயர்" என்று அவள் கேட்டால் அப்போது மாற்றிக்கொள்ளட்டும். அந்த வயதில் கேலி செய்கிறவனுக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெயரைத்தான் வைப்பேன் என்றால் வையுங்கள். உங்கள் உரிமை அது. வைத்த பிறகு ஒரு நாளும் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசாதீர்கள். "கொஞ்சம் வித்தியாசமான பெயர்தான்..." என்று நீங்கள் இழுத்தால், பக்கத்தில் நிற்கும் குழந்தை அந்த இழுப்பைத்தான் கற்றுக்கொள்ளும். வானம் என்று அர்த்தம், அவ்வளவுதான். பள்ளியில் சேர்க்கும் நாளன்றே ஆசிரியரிடம் அர்த்தத்தைச் சொல்லி, முதல் நாள் பெயரை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க மாட்டேன்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் வேகமாகக் கடந்துபோன ஒரு வரி இருக்கிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். "நான் பட்டது போதும்" என்று உங்கள் மாமியார் சொல்லியிருக்கிறார். என்ன பட்டார்? அவர் பெயர் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பெயரை வைத்து யார் யார் என்னென்ன சொன்னார்கள், எத்தனை வயதுவரை சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர் எழுந்து போனதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது பழைய வலியாகத் தெரிகிறது. உங்கள் வீட்டில் இந்த விஷயத்தை உடம்பால் அறிந்தவர் அவர் ஒருவர்தான். நான் சொன்ன ஆய்வுகளையெல்லாம் அவரிடம் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "அத்தை, உங்களுக்கு அந்தப் பெயரை யார் வைத்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் பெயரைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். பதிவு அலுவலகத்துக்கு அதற்கு அடுத்த நாள் போனால் போதும்.