91% தள்ளுபடி, ஆனால் எந்த விலையிலிருந்து?

கேள்வி: எட்டு இண்டி கேம்கள் (சிறு குழுக்கள் சொந்தமாக உருவாக்குபவை) அடங்கிய ஒரு பண்டில் 12 டாலருக்கு வந்திருக்கிறது. 7 டாலர் கொடுத்தால் ஐந்து கேம், 12 கொடுத்தால் எட்டும் கிடைக்கும். மொத்த மதிப்பு 142 டாலர், 91% தள்ளுபடி என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு நிஜமாகவே வேண்டியவை இரண்டுதான். இன்னொன்று, கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் கடையில் உள்ள என் லைப்ரரியில் ஏற்கெனவே இருக்கிறது. பண்டிலாக வாங்கலாமா, சேல் வரும்வரை காத்திருந்து தனித்தனியாக வாங்குவதா?

பதில்: முதலில் அந்த 142-ஐ மறந்துவிடுங்கள். எட்டு கேம்களின் முழு விலையைக் கூட்டிப் போட்ட தொகை அது. வெளியாகி ஓரிரு வருடம் ஆன இண்டி கேமை முழு விலைக்கு வாங்க அவசியமே வருவதில்லை. வெளியீட்டு வாரத்திலேயே 10 அல்லது 15% குறையும். அதன்பின் சேலுக்குச் சேல் 25, 33, 50 என்று இறங்கி, சில வருடங்களில் 75%-இல் வந்து நிற்பதுதான் வழக்கம். பண்டிலில் சேர்க்கப்படுவதும் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆகவே ஒவ்வொரு கேமும் இதுவரை தொட்ட மிகக் குறைந்த விலை என்ன என்று பாருங்கள். ஒப்பிட வேண்டியது அதோடுதான். ஸ்டீம் கடையின் விலை வரலாற்றுக்கு ஸ்டீம்டிபி தளம் போதும். மற்ற கடைகளின் விலையோடு, அந்த கேம் முன்பு எந்தெந்தப் பண்டிலில் வந்தது என்பதும் வேண்டுமானால் இஸ்தேர்எனிடீல் தளத்தில் தேடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் விரும்பும் முதல் கேமின் முழு விலை 20 டாலர், இதுவரை அதிகபட்சம் 60% தள்ளுபடியில் 8 டாலருக்கு வந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டாவது 15 டாலர், 75% தள்ளுபடியில் 3.75. இரண்டும் சேர்ந்து 11.75. அதாவது, 91% தள்ளுபடி என்று கூவும் பண்டில், உங்களைப் பொறுத்தவரை கால் டாலர் கூடுதல் விலை!

மீதி ஆறில் ஒன்று கையில் இருப்பதால் அதற்குப் பூஜ்யம். மற்ற ஐந்துக்கும் ஒரே கேள்வி: இன்றைக்கு இது இலவசமாகக் கிடைத்தால், இந்த மாதத்துக்குள் இன்ஸ்டால் செய்வேனா? "பார்க்கலாம்" என்று மனம் இழுத்தால் அதன் குறைந்த விலையில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். "எப்போதாவது" என்றால் பூஜ்யம்தான். 10 டாலர்வரை இறங்கிய ஒரு கேம் 'பார்க்கலாம்' ரகத்தில் இருந்தால் 3.33 சேரும், மொத்தம் 15.08 ஆகிவிடும். அப்போது 12 கொடுப்பதில் தவறில்லை. அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் பண்டிலுக்கு அவசரம் எதுவும் இல்லை. கேம்களின் எண்ணிக்கையால் விலையை வகுத்து "ஒன்றுக்கு ஒன்றரை டாலர்தானே" என்று சொல்லிக்கொள்வதுதான் பலரும் விழும் குழி. விளையாடாத கேமை வகுத்தியில் சேர்த்தால் எந்தப் பண்டிலும் மலிவாகத்தான் தெரியும். விளையாட்டு நேரத்தால் வகுப்பதும் அதைவிட மேலானதல்ல. மூன்று மணி நேரத்தில் முடியும் அருமையான கேம், நாற்பது மணி நேரம் இழுக்கும் சலிப்பைவிட மலிவு என்றே சொல்வேன்.

7, 12 என்று விலைப் படிகள் இருக்கும் பண்டிலில் மொத்த விலையைவிட, படிக்கும் படிக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம். உங்கள் இரண்டு கேமும் 7 டாலர் படியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 11.75 மதிப்புள்ளவை 7-க்கு வருகின்றன. 8 டாலர் கேம் மேல்படியில் இருந்தால், கூடுதலாகத் தரும் 5 டாலருக்கு 8 டாலர் பண்டம், அதுவும் சரி, காத்திருப்பதைவிட மொத்தத்தில் கால் டாலர்தான் அதிகம். மேல்படியில் இருப்பது 3.75 டாலர் கேம் மட்டுமா? கீழ்ப்படியை 7-க்கு வாங்கிக்கொண்டு, மற்றதை விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டு அடுத்த சேலுக்குக் காத்திருங்கள். 10.75-இல் முடிந்துவிடும். ஸ்டீமில் வருடத்துக்கு நான்கு பெரிய பருவகால சேல்கள் நடப்பதால் காத்திருப்பு சில மாதங்களுக்கு மேல் போகாது. சேலே போடாத கேம்களும் உண்டு. 'ஃபேக்டோரியோ' தயாரிப்பாளர்கள் தள்ளுபடி தருவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். 2023-இல் விலை 30-இலிருந்து 35 டாலராக ஏறவும் செய்தது. இந்த ரகத்துக்குக் காத்திருப்பதில் பயனில்லை.

'எட்டு' என்ற எண்ணையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சவுண்ட்ட்ராக், ஆர்ட்புக், டிஎல்சி (கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) எல்லாவற்றையும் தனித்தனி உருப்படியாக எண்ணி மொத்த மதிப்பை ஊதிவிடுவது சகஜம். அடிப்படை கேமை மட்டும் தந்துவிட்டு, அதை முழுமையாக்கும் டிஎல்சிகளை முழு விலைக்கு விற்பதும் நடக்கும். எண்ணிக்கை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு, இண்டி கேம்களை விற்கும் இட்ச்.ஐஓ தளம் 2020 ஜூனில் இன நீதிக்காக நடத்திய நிதிதிரட்டல் பண்டிலைச் சொல்லலாம். குறைந்தபட்சம் 5 டாலர், உள்ளே 1,700-க்கும் மேற்பட்ட உருப்படிகள், திரண்டது 80 லட்சம் டாலருக்கு மேல். அதை வாங்கியவர்கள் செய்தது நன்கொடை. கேம்கள் அதன்மேல் கிடைத்த கொசுறு. அந்த மாதிரிப் பண்டிலுக்கு மேலே சொன்ன கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: இட்ச்.ஐஓவின் பெரிய பண்டில்களில் கேம்கள் தானாக லைப்ரரியில் வந்து உட்காராது. பண்டில் பக்கத்தில் தேடி, வேண்டியதற்கு டவுன்லோட் பொத்தானை அழுத்தினால்தான் சேரும்.

வாங்கியபின் சிக்கல் வருவது பெரும்பாலும் கீயில்தான், அதாவது கேமை உங்கள் கணக்கில் சேர்க்கக் கடை தரும் குறியீட்டில்தான். பணம் கட்டும் முன்பே மூன்று விஷயங்களைப் படியுங்கள்: கீ எந்தத் தளத்துக்கானது, எந்த நாடுகளில் செல்லாது, எந்தத் தேதிக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவைத்த கீ, தேதி கடந்து செல்லாமல் போவது உண்டு. கடையின் இருப்பிலேயே கீ தீர்ந்துபோவதும் உண்டு. அதனால் விளையாடப்போகும் கேம்களின் கீயை வாங்கிய அன்றே ஆக்டிவேட் செய்துவிடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள அந்த கேமின் கீயை மட்டும் திறக்காமல் வையுங்கள். பரிசு இணைப்பாக அனுப்பும் வசதியைக் கடை தந்தால் நண்பருக்குக் கொடுக்கலாம். தவறிப்போய் ஸ்டீமில் போட்டுவிட்டாலும், கைவசம் உள்ள கேம் என்று சொல்லி நிறுத்திவிடும், கீ வீணாகாது. ஆனால் ஒரே கீயில் பல கேம்கள் இருந்து, அதில் சிலது மட்டும் உங்களிடம் இருந்தால், கீ செலவாகிவிடும்.

ரீஃபண்ட் விஷயத்திலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஸ்டீம் கடையிலேயே வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். பண்டிலாக வாங்கியிருந்தால் எல்லா கேம்களிலும் சேர்த்துத்தான் அந்த இரண்டு மணி நேரம். வெளியே வாங்கிய கீயை ஸ்டீமில் போட்டபின் ஸ்டீம் ரீஃபண்ட் தராது. விற்ற கடையும் கீயைத் திறந்து பார்த்துவிட்டால் பொதுவாகத் தருவதில்லை. பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா என்று சந்தேகமுள்ள கேமுக்கு, இந்த வசதிக்காகவே ஓரிரு டாலர் அதிகம் கொடுத்து ஸ்டீமில் வாங்குவது புத்திசாலித்தனம். மேக் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பிலிருந்து 32-பிட் நிரல்கள் ஓடுவதில்லை. பழைய இண்டி கேம்கள் நிறைய அதில் அடிபட்டன.

ஸ்டீமின் சொந்தப் பண்டில்கள் வேறு விதம். அங்கே பெரும்பாலும் உங்களிடம் இருப்பதைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் பணம் கேட்பார்கள். தலா 15 டாலரில் மூன்று கேம், பண்டில் தள்ளுபடி 20%, ஒன்று கைவசம் என்றால் நீங்கள் கட்டுவது 24 டாலர். சேல் நேரத்தில் இரண்டு தள்ளுபடியும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், ஆனால் கூட்டப்படாது: 20 டாலர் கேம் 50%-இல் 10 ஆகி, அதில் 20% போய் 8 ஆகும். மொத்தம் 60%தான், 70% அல்ல. பேக்கேஜ் என்று விற்கப்படும் தொகுப்பில், கைவசம் உள்ளதை இப்படிக் கழிப்பதில்லை. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கட்டணப் பக்கத்தில் தொகையைச் சரிபார்த்துவிட்டு அழுத்துங்கள்.

தனிநபர்கள் கீ மறுவிற்பனை செய்யும் சந்தைகளில் இதே கேம் இன்னும் மலிவாகத் தென்படலாம். அங்கே வரும் கீகளில் சில, திருட்டு கார்டில் வாங்கியவை. கார்டுக்காரர் பணத்தைத் திரும்பப் பெற்றதும் தயாரிப்பாளர் கீயை ரத்து செய்ய, கேம் உங்கள் லைப்ரரியிலிருந்து காணாமல் போகும். இஸ்தேர்எனிடீல் இந்த மாதிரிச் சந்தைகளின் விலையைக் காட்டுவதில்லை. உங்கள் இரண்டு கேமின் குறைந்த விலையை அங்கேயே எடுத்துக்கொண்டு, எந்தக் கேம் எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.