சோதனையில் வராத கணக்கு

கேள்வி: ஆண்டு 9 படிக்கும் என் மகன் 293318625600 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதற்கு 5040 காரணிகள் இருக்கின்றன, ராமானுஜனே தவறவிட்ட எண் இது என்று கொப்பி கொப்பியாக எழுதுகிறான். சோதனையில் வராத கணக்கால் என்ன பயன்?
(ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: சோதனையில் வராத! யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையின் ஆசையை அமத்துவதற்கு இந்த ஒரு சொல் போதும். ஞாயிறு விடியவே ரியூற்றரிக்கு அனுப்பி, கடந்தகால வினாத்தாளை வரி பிசகாமல் பாடமாக்க வைத்துவிட்டு, பெடியனுக்குக் கணக்கில் விருப்பமில்லை என்று கவலைப்படுகிறோம். இதை முன்பும் எழுதினேன், ரியூற்றரிக்காரர் சிலருக்கு என்னோடு இன்னும் கோபம். இருக்கட்டும்.

உங்கள் மகன் சொன்னது சரி அம்மா. அந்த எண்ணை முதன்மைக் காரணிகளாக உடைத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. 1 முதல் 22 வரை எதனால் பிரித்தாலும் மீதி வராது, 23இல்தான் முதன்முதலாக இடிக்கும்.

சுட்டிகளைப் பாருங்கள், 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று எங்கேயும் ஏறாமல் இறங்குகின்றன. காரணம் எளிது. 2 × 3² என்றால் 18, 2² × 3 என்றால் 12. இரண்டுக்கும் காரணிகள் ஆறு, ஆனால் பெரிய சுட்டியைச் சின்ன முதன்மை எண்ணுக்குக் கொடுத்தபோது எண் சிறுத்துவிட்டது. தன்னிலும் சிறிய எந்த எண்ணையும்விடக் கூடுதல் காரணிகள் கொண்ட இந்த வகை எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது. இவற்றின் கடைசிச் சுட்டி எப்போதும் 1தான், 4, 36 இரண்டும் மட்டும் விலக்கு என்று அதில் நிறுவினார். கணினி இல்லாத காலத்தில் 6746328388800 வரை பட்டியல் போட்டார், அதில் விடுபட்டது உங்கள் மகன் பிடித்திருக்கும் எண். அப்படி ஒரு பட்டியலில் விடுபட்டதைத் தேடிப் போகிற பிள்ளையை யாராவது மறிப்பார்களா?

இன்னொன்று. 5040உம் இதே சாதி எண்தான், அதற்கு 60 காரணிகள். 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4, எல்லாமே அதே சாதி! 60 நமக்குப் புதிதா? நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, வருடச் சுற்றும் 60. வாக்கியமா திருக்கணிதமா என்று வருடாவருடம் விரதத் தேதிக்கு அடிபடுகிற இரண்டு பஞ்சாங்கக்காரரும் இந்த 60இல் மட்டும் ஒற்றுமை. இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தால் என்ன என்று நான் கேட்டு எவ்வளவோ காலம், ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பயன் கேட்டீர்கள். முதன்மைக் காரணி, சுட்டி, பொது மடங்கு எல்லாம் அவனுடைய பாடத்திட்டத்தில் உள்ளவைதான், அந்தக் கொப்பியில் எல்லாம் வந்தாயிற்று. முடிந்தால் அடுத்த கொப்பியைப் பெரிதாக வாங்கிக் கொடுங்கள், ஞாயிறு காலையில் அவனை வீட்டில் விடுங்கள்.