98 போட்டால்தான் கார் பிழைக்குமா?

கேள்வி: முதல்முறையாகக் கார் வாங்கியிருக்கிறேன். 2013இல் பதிவான 1.6 லிட்டர் ஜப்பானிய கார், டர்போ கிடையாது, சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) ஐந்தாண்டு புதுப்பித்தது. விற்றவர், “பழைய இன்ஜின், 98 ஆக்டேன் பெட்ரோல் மட்டும் போடுங்கள், மாதம் ஒருமுறை இதை ஊற்றுங்கள்” என்று டேங்கில் ஊற்றும் மருந்து இரண்டு பாட்டிலையும் தலையில் கட்டிவிட்டார். பிள்ளைகளுக்கு நான்கு வயது, எட்டு வயது. புது கார்களில் வரும் தானியங்கி பிரேக் இதில் இல்லை. பயப்பட வேண்டுமா? — செங்காங் வாசகர்

பதில்: முதலில் கீழே போய் பெட்ரோல் மூடியைத் திறந்து, அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் கையேட்டில் பாருங்கள். 95 என்று இருந்தால் 95 போடுங்கள், பேச்சு முடிந்தது. காரைத் தயாரித்தவன் சொல்வதை விட்டுவிட்டு, விற்றுக் கமிஷன் வாங்கியவர் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்?

எண் கூடினால் சத்தும் கூடும் என்பது பால்மாவு விளம்பரம் பார்த்து வந்த பழக்கம். ஆக்டேன் எண் சொல்வது வேறு: இன்ஜினுக்குள் எவ்வளவு அழுத்தினாலும், பிளக்கின் பொறியால் அன்றி பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்குமா என்பதை. உங்கள் இன்ஜின் அவ்வளவு அழுத்துவதில்லை என்றால் 98இன் தாங்கும் திறன் வீண். 98 போட்டால் உள்ளே சுத்தமாகும் என்பார்கள். சுத்தம் செய்வது பெட்ரோலில் நிறுவனங்கள் கலக்கும் மருந்து, ஆக்டேன் எண் அல்ல. கணக்கையும் பாருங்கள். 2021 பிப்ரவரியில் அரசு கூட்டிய பெட்ரோல் தீர்வைப்படி (வரி) 98க்கு லிட்டருக்கு 79 காசு, 95க்கு 66 காசு. 40 லிட்டர் போட்டால் தீர்வையில் மட்டுமே 5 வெள்ளி 20 காசு கூடுதல். பம்ப் விலையில் வித்தியாசம் அதைவிடப் பெரிது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த வாரமே டர்போ கார்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். டர்போ இன்ஜின் காற்றை அழுத்தித் திணிப்பதால் சிலவற்றுக்கு 98 உண்மையிலேயே வேண்டும். அங்கேயும் ஸ்டிக்கரைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘குறைந்தது 95, பரிந்துரை 98’ என்று இருந்தால் 95 போடலாம். இன்ஜின் பொறி வைக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்துச் சமாளித்துக்கொள்ளும், வேகம் எடுப்பது கொஞ்சம் மந்தமாகலாம். ‘குறைந்தது 98’ என்றே இருந்தால் 95 கூடாது. அவசரத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்து ஓட்டி, அடுத்த முறை 98க்குத் திரும்புங்கள். அதையே வழக்கமாக்கினால் பெட்ரோல் தானாகப் பற்றி இன்ஜின் தட்டும். தட்டத் தட்டத் தேயும்.

பாட்டில் மருந்தை மறந்துவிடுங்கள். மலேசியாவின் ஜொகூருக்குப் போவதாக இருந்தால், முக்கால் டேங்க் இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது, அபராதம் 500 வெள்ளி வரை போகலாம். அந்தப் பக்கம் மஞ்சள் பம்ப்பில் இருக்கும் 95 நம் பதிவெண் கார்களுக்குத் தடை. அங்கே போட வேண்டி வந்தால் 97 போடுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. தானியங்கி பிரேக் இல்லையே என்ற கவலை இப்போது வேண்டாம். அதைவிட அவசரமானவை இருக்கின்றன.

டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. “புது டயர் போட்டுத் தருகிறேன்” என்று சொல்லிவிட்டு, கிடங்கில் வருடக்கணக்காகக் கிடந்ததை மாட்டி அனுப்பும் ஆட்கள் உண்டு. டயரின் பள்ளங்கள் ஆழமாகத்தான் இருக்கும், ரப்பர் காய்ந்திருக்கும். மழை பெய்யும் பிஐஇ விரைவுச்சாலையில் பிரேக் மிதிக்கும்போது விஷயம் தெரியவரும். காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். விபத்தில் ஏர்பேக் வெடித்த காரில் புதியது போடாமல், விளக்கை மட்டும் ஊமையாக்கி விற்கும் தந்திரம் இந்தத் தொழிலில் உலகம் முழுக்க உண்டு.

பிள்ளைகள் விஷயத்தில் இங்கே சட்டம் பார்ப்பது வயதை அல்ல, உயரத்தை. 1.35 மீட்டருக்குக் கீழ் இருந்தால் அந்த உயரத்துக்கு ஏற்ற குழந்தை இருக்கையோ பூஸ்டரோ கட்டாயம். எட்டு வயதுப் பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்து பாருங்கள், பல பேர் அந்த உயரத்தை இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள். “டாக்சியில் கேட்பதில்லையே” என்று வாதாட வேண்டாம், அந்தச் சலுகை டாக்சிக்கு மட்டும். பின்னிருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரும்பு வளையம் தட்டுப்படும், அதுதான் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ். ஏர்பேக் ஆறு இருந்தாலும், வார் போடாத பிள்ளைக்கு அதுவே ஆபத்து.

இனி, நீங்கள் கேட்காமல் விட்டது. டக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக் கோளாறால் உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, ஜப்பானிய கார்கள் அதில் ஏராளம். ஏர்பேக்கை ஊத வைக்கும் ரசாயனம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போகிறது. விபத்தின்போது அதன் உலோகக் கூடு சிதறி முகத்திலும் கழுத்திலும் பாய்கிறது. வருடம் முழுக்கப் புழுங்கும் சிங்கப்பூரில் 2013 மாடல் ஓட்டுபவர் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இதை யார் உங்களிடம் சொன்னார்கள்? விற்பனை விளம்பரத்தில் ஆண்டுத் தேய்மானம் இத்தனை வெள்ளி, சிஓஇ மிச்சம் இத்தனை மாதம், தோல் இருக்கை, ரிவர்ஸ் கேமரா என்று பட்டியல் நீளும். நான் பார்த்த ஒப்பந்தத் தாள்களில் கடனுக்கு ஒரு பக்கம், காப்புறுதிக்கு ஒரு பக்கம். ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று குறிக்க ஒரு கட்டம் இல்லை. முதல் உரிமையாளர் வீட்டுக்குப் போன அழைப்புக் கடிதம் குப்பையில் கிடந்தாலும் கார் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. இத்தனை ஆயிரம் வெள்ளி கைமாறும் இடத்தில் இதற்கு ஒரு வரி எழுத முடியாதா?

ஆகவே நீங்களே கேளுங்கள். பதிவு ஆவணத்தில் உள்ள சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு, அந்த பிராண்டின் அதிகாரபூர்வ முகவரைக் கூப்பிட்டு, செய்யாமல் நிற்கும் ரீகால் (திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஏதும் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் மாற்றுவது இலவசம், நீங்கள் எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும் சரி. “அதை நானே பார்த்துத் தருகிறேன், இருநூறு கொடுங்கள்” என்று யாராவது இடையில் வந்தால் ஃபோனை வைத்துவிடுங்கள். முன்பயணி பக்க ஏர்பேக்கும் அந்தப் பட்டியலில் இருந்து, மாற்ற நாள் தள்ளிக் கொடுத்தால், அதுவரை அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.