வெளிச்சம் குறைவான சென்னை ஃபிளாட்டில், செடி வளர்த்துப் பழக்கம் இல்லாதவர் என்னென்ன உட்புறச் செடிகள் வாங்கலாம்?

இதைக் கேட்டவர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னவை இவை: கிழக்குப் பார்த்த ஒரே ஜன்னல், எதிரே அடுத்த பிளாக்கின் சுவர், வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இதுவரை வாங்கிய செடிகள் எல்லாம் இரண்டு மாதத்தில் அடித்தண்டு அழுகிச் செத்தன. கேள்வியில் இவ்வளவு சொல்லியிருப்பதால் நேராகப் பதிலுக்கு வரலாம். ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் பிளான்ட், பச்சை நிற மணி பிளான்ட், பச்சை அல்லது வெள்ளி நிற அக்லோனிமா. இந்த நான்கில் இரண்டோடு ஆரம்பியுங்கள். எந்த இரண்டு என்பதை ஜன்னலும் உங்கள் கையும் முடிவு செய்யட்டும்.

கை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் ஊற்ற மறந்துபோகிறவர்கள் ஒரு வகை. செடியைப் பார்த்தாலே ஒரு டம்ளர் ஊற்றிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. எல்லாப் பட்டியல்களும் முதல் வகையை மனதில் வைத்து, வறட்சி தாங்கும் செடிகளையே சொல்கின்றன. ஆனால் வீட்டுக்குள் செடி சாவது பெரும்பாலும் இரண்டாம் வகையினரின் கையில்தான். உங்கள் செடிகளுக்கு வந்த அழுகலும் அதைத்தான் காட்டுகிறது.

வேர் உயிரோடு இருக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் துளைகளில் நாள்கணக்காகத் தண்ணீரே நின்றால் காற்று போக இடமில்லை. வேர் மூச்சு முட்டிச் சாகும், பிறகு பூஞ்சை ஏறும். வேர் போனதும் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே ஈரமான மண்ணில் நிற்கும்போதே இலை தொங்கும். பார்ப்பவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். இலை வாடினால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். இதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். மங்கலான அறைக்குக் கண் பழகிக்கொள்ளும், செடிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. போனில் ஒரு லக்ஸ் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும்) செயலியைப் போட்டு, காலை 11 மணி வாக்கில் செடி வைக்கப்போகும் இடத்தில் பிடியுங்கள். கணக்கு தோராயமாகத்தான் இருக்கும், ஆனாலும் போதும். 500 லக்ஸுக்குக் கீழே என்றால் பெரும்பாலான செடிகள் அங்கே வளராது, இருக்கும் சேமிப்பைத் தின்று கொஞ்ச காலம் பிழைத்திருக்கும், அவ்வளவே. 1000 முதல் 2500 வரை என்றால் ஸ்நேக் பிளான்ட், இசட் இசட், அக்லோனிமா மூன்றும் மெதுவாக வளரும். மணி பிளான்ட் நெருக்கமாக, பெரிய இலையோடு வர வேண்டுமானால் இன்னும் அதிகம் வேண்டும். செயலி வேண்டாம் என்றால் வெள்ளைத் தாளை வைத்து ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். வெறும் மங்கல் தெரிந்தால் குறைந்த வெளிச்சம். நிழலே இல்லையென்றால் அந்த மூலையை விட்டுவிடுங்கள். அந்த மூலைதான் வேண்டும் என்றால் 12 வாட் வெள்ளை எல்இடி பல்பைச் செடிக்கு ஒரு அடி மேலே தொங்கவிட்டு, தினம் 12 மணி நேரம் எரியவிடலாம். ஜன்னலை விட்டு ஒவ்வொரு அடி தள்ளும்போதும் வெளிச்சம் வேகமாகக் குறையும் என்பதால், உங்கள் வீட்டில் செடிகள் ஜன்னலிலிருந்து நான்கு அடிக்குள் இருக்கட்டும்.

இனி செடிகள். ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊர்க் காட்டோரங்களில் வளரும் மருளுக்கு நெருங்கிய உறவு. பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் மட்டும் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும். பகல் வெப்பத்தில் நீர் ஆவியாகிப் போகாததால்தான் இவ்வளவு நாள் தாங்குகிறது. (இதை வைத்தே "இரவில் ஆக்சிஜன் தரும் செடி" என்று விற்கிறார்கள். ஆக்சிஜன் உருவாவது ஒளி படும்போது மட்டும்தான்.) கோடையில் 12 முதல் 15 நாளுக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழை நாட்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதும். இலையில் நீளவாக்கில் சுருக்கம் விழுந்தால் தாகம். அடிப்பகுதி மஞ்சளாகி, அழுத்தினால் மெத்தென்று இருந்தால் அழுகல். அப்போது செடியை வெளியே எடுத்து, மெத்தென்ற பகுதியை எல்லாம் வெட்டி, மிச்சத்தை நிழலில் மூன்று நாள் காயவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். குட்டையாக ரோஜாப்பூ அடுக்கில் வரும் வகையில் நடுக்குழியில் தண்ணீர் தேங்கினால் அங்கிருந்தே அழுகும், அதனால் மண்ணில் மட்டும் ஊற்ற வேண்டும். மஞ்சள் ஓரம் உள்ள வகையை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால் அந்த ஓரம் வராது, வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். அது வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நடுவதே வழி.

இசட் இசட் பிளான்ட் கிழக்கு ஆப்பிரிக்கச் செடி. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு அளவில் கிழங்குகள் வைத்து அதில் நீரைச் சேமிக்கும். மறந்துபோகிறவருக்கு இதைவிட நல்ல செடி இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். இதற்கு வரும் ஆபத்து ஒன்றுதான். மாதக்கணக்கில் புதுத்தண்டு எதுவும் விடாமல் அப்படியே நிற்கும். வளரவில்லையே என்று தண்ணீரும் உரமும் கூட்டினால் கிழங்கு அழுகும். ஒரே சமயத்தில் பல இலைகள் மஞ்சளானால் கிழங்கைப் பாருங்கள். சும்மா நிற்பது அதன் இயல்பு, கவலை வேண்டாம்.

மணி பிளான்ட்டை எல்லோரும் கொல்ல முடியாத செடி என்பார்கள். கொல்ல முடியாதுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது மொட்டைக் கொடியாக, நுனியில் நான்கு சின்ன இலையோடு இழுத்துக்கொண்டு கிடக்கும். காரணம் இரண்டு: வெளிச்சக் குறைவு, கத்தரிக்காமல் விடுவது. கொடியின் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, ஒரு கணுவாவது நீரில் மூழ்கும்படி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். கணு இல்லாத தண்டோ தனி இலையோ வேர் விட்டாலும் செடியாகாது. வேர் வந்த நான்கைந்து துண்டுகளை அதே தொட்டியில் செருகினால் தொட்டி நிறையும். மேலே ஏறவிட்டால் இலை பெரிதாகும், கீழே தொங்கவிட்டால் சிறுக்கும். வெள்ளைத் திட்டு அதிகமுள்ள வகைகளில் பச்சையம் குறைவு, உங்கள் ஜன்னலுக்கு அவை சரிவராது. முழுப்பச்சையோ பச்சை-மஞ்சளோ வாங்குங்கள்.

அக்லோனிமாவிலும் இதே கதைதான். சிவப்பும் இளஞ்சிவப்பும் அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சம் கேட்கும். பச்சை, வெள்ளி நிற வகைகள் குறைந்த வெளிச்சத்திலேயே ஒழுங்காக இருக்கும். ஏசி காற்று நேரே படும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஊற்றாமல் இருக்கவே முடியாது என்பவர்களுக்கு: சிங்கோனியம் அல்லது பீஸ் லில்லி. சிங்கோனியம் வெறும் தண்ணீரிலேயே வளரும். பீஸ் லில்லி தாகம் எடுத்தால் மொத்தமாகத் தொங்கிவிடும், ஊற்றியதும் சில மணி நேரத்தில் நிமிரும். தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று கற்றுக்கொள்ள இதுவே நல்ல ஆசிரியர். பூ மட்டும் வெளிச்சம் இல்லாமல் வராது.

வாங்கக் கூடாதவையும் சொல்ல வேண்டும். குட்டிக் கிண்ணங்களில் வரும் ரோஜா வடிவ சதைச்செடிகள், குரோட்டன்ஸ், கற்றாழை: மூன்றுக்கும் நேரடி வெயில் வேண்டும். சதைச்செடிகளுக்குச் சென்னையின் புழுக்கமான இரவுகளும் ஆகாது. அரேகா பனை ஒரு வருடம் நன்றாக இருப்பதுபோல் தெரியும், பிறகு சிலந்திப்பேன் பிடித்து நுனி காயும். கலாத்தியா ஆரம்பத்தில் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் முறை இது. மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் பாதி ஆழம் வரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு ஈரமாக வந்தால் ஊற்ற வேண்டாம். ஸ்நேக் பிளான்ட்டுக்கும் இசட் இசட்டுக்கும் குச்சி முழுக்கக் காய்ந்து வர வேண்டும். மணி பிளான்ட்டுக்கும் அக்லோனிமாவுக்கும் மேல் இரண்டு அங்குலம் காய்ந்தால் போதும். ஊற்றும்போது அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள், அரைமணி நேரத்தில் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தினம் அரை டம்ளர் ஊற்றும் பழக்கம்தான் மோசம்: மேல்மண் எப்போதும் நனைந்திருக்கும், அடிவேருக்கு நீர் போகாது, உப்பும் வெளியேறாது.

உப்பு என்றதும் ஆர்ஓ. சுத்திகரிப்பானிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீராக இருந்தால் இன்னும் கடுமை. மண்மேல் வெள்ளைப் படலம், இலை நுனியில் பழுப்பு, இவை அதன் அடையாளம். அந்த நீரைத் தரை துடைக்க வைத்துக்கொண்டு, செடிக்கு மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ ஊற்றுங்கள். வேறு வழியின்றிப் போர் தண்ணீர்தான் என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல நீரை ஊற்றி வடியவிடுங்கள்.

தொட்டியில் துளை கட்டாயம். துளையில்லாத பீங்கான் தொட்டி பிடித்திருந்தால், அதை வெளியுறையாக வைத்து உள்ளே துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை இறக்குங்கள். அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பது தவறு. நீர் ஜல்லிக்கு மேலே மண்ணிலேயே நிற்கும், வேருக்குக் கிடைக்கும் உலர்ந்த மண்தான் குறையும். நர்சரியில் கொடுக்கும் செம்மண் உருண்டை வீட்டுக்குள் காயவே காயாது, அழுகலுக்கு அது பெரிய காரணம். வாங்கி வந்து இரண்டு மூன்று வாரம் இடம் பழகட்டும். பிறகு உருண்டையை வாளி நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணையாவது உதிர்த்து, முன்பிருந்ததைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் பெரிதாகாத தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். கலவை: கழுவிய கொக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) அல்லது கரடுமுரடான மணல் 2, செம்மண் 1, மண்புழு உரம் 1. எட்டு அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் பிடிக்கும். எம்-சாண்ட் போடுவதானால் தூள் போகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் இறுகிவிடும். முதல் இரண்டு மாதம் உரம் எதுவும் வேண்டாம். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

பாட்டிலில் மணி பிளான்ட்டோ லக்கி பேம்பூவோ வைப்பதானால் டெங்குக் கொசுவை மறக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும், எனவே வாரம் ஒருமுறை நீரை மாற்றியே ஆக வேண்டும். முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைக்கும். கொட்டினால் மட்டும் போதாது, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வாயைப் பஞ்சால் அடைப்பது இன்னும் நல்லது. தொட்டிக்கடித் தட்டுக்கும் இதேதான்.

இலைக்கணுவில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து உடனே தள்ளிவைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். மண்ணிலிருந்து கறுப்பு நிறக் குட்டி ஈக்கள் கிளம்பினால் மருந்து தேவையில்லை. மேல் இரண்டு அங்குலம் காயும்வரை ஊற்றாமல் விட்டால் அதன் புழுக்கள் சாகும்.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்பதற்காக வாங்க வேண்டாம். 1989-ல் நாசா செய்த சோதனை காற்றுப்புகாத சிறு பெட்டிகளில் நடந்தது. 2019-ல் வந்த ஒரு மறுஆய்வு, சாதாரண வீட்டுக் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்தால் அந்த வேலை நடந்துவிடும். செடி கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது, அது போதுமே.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் மட்டும் பட்டியல் மாறும். மணி பிளான்ட், இசட் இசட், அக்லோனிமா, சிங்கோனியம், பீஸ் லில்லி ஐந்திலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. கடித்தால் வாய் எரிந்து வீங்கும். ஸ்நேக் பிளான்ட் தின்றால் வாந்தி வரும். அப்படிப்பட்ட வீட்டில் இவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், கீழே வைக்க ஸ்பைடர் பிளான்ட் வாங்குங்கள். அதில் நஞ்சு இல்லை. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கூட வேண்டும், அதனால் ஜன்னலுக்கு மிக அருகில் இருக்கும் இடத்தை அதற்குக் கொடுத்துவிடுங்கள்.