பார்சலில வாற காட்டு மரக்கண்டுகள்: கேள்வி பதில்

பாலை, வீரை, முதிரை போல எங்கட வன்னிக் காட்டு மரக்கண்டுகளைத் தெற்கு நர்சரியளிட்ட பார்சலில எடுத்து வளவில வைக்கிறதைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். எனக்குத் தெரிஞ்சதுக்குச் சொல்லுறன். கேள்விக்கு முன்னால நிக்கிறது கேட்டவரின்ர ஊர்.

மாங்குளம்: அண்ணை, பாலை எண்டு ஓடர் பண்ணினன். வந்ததில ஒரு கணுவைச் சுத்தி ஏழு இலை நிக்குது.
அது ஏழிலைப்பாலை தம்பி. முறிச்சா பாலும் வரும், பேரும் ஒத்துப்போகும், ஆனா பாலைப்பழ ஆசையை விடுங்கோ. எங்கட பாலையின்ர இலை நுனியில சின்ன வெட்டொண்டு இருக்கும். சிங்கள நர்சரிக்காரரிட்ட பலு எண்டு கேக்கவேணும், வீரைக்கு வீர, முதிரைக்கு புருத, கருங்காலிக்கு களுவர, மருதுக்கு கும்புக். அதோட பாலைக்கு மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா எண்ட விஞ்ஞானப் பேரையும் எழுதி அனுப்பி, காசு போட முன்னம் இலைப்படமும் வேர்ப்படமும் கேளுங்கோ. வேர்ப்படம் தராதவனிட்ட வாங்காதேங்கோ. பாலை ஆறுதலா வளருற மரம், உயரமான கண்டெண்டு கூடக் காசு குடுத்தா பையுக்குள்ள கனகாலம் கிடந்து ஆணிவேர் சுருண்டதைத்தான் வாங்குவியள், அது எங்கட கோடைக்குத் தாங்காது.

ஒட்டுசுட்டான்: வளவில ஒரு வீரை நிக்குது, பூக்குது, காய்க்கேல்ல.
பனையைப் போல வீரையிலயும் ஆண் வேற பெண் வேற. நாலைஞ்சு கண்டா எடுத்து வையுங்கோ.

மல்லாவி: ஒட்டுப்பாலை கெதியாக் காய்க்கும் எண்டு விக்கினம்?
பாலை அடிக்கண்டில சப்போட்டாவை ஒட்டுறது உண்டு. அதில சப்போட்டாத்தான் காய்க்கும். வேர்ப்படம் கேளுங்கோ.

துணுக்காய்: எந்த மாசம் ஓடர் பண்ண?
ஐப்பசி, முதல் மழை விழுந்தாப்பிறகு. சித்திரை வெயிலில ஏ9 றோட்டு பஸ்ஸின்ர டிக்கிக்குள்ள வாற கண்டு அவிஞ்சுதான் இறங்கும்.

வவுனியா: ஆனியில ஓடர் பண்ணலாமோ?
மேல பாருங்கோ.

கிளிநொச்சி: ஆவணியில அக்கா ஒருத்தி அனுப்பலாம் எண்டவ...
ஐப்பசி!

புதுக்குடியிருப்பு: பார்சலில வந்த கார்த்திகைப்பூக் கிழங்கு முளைக்கேல்ல.
கிழங்கின்ர நுனியிலதான் முளை இருக்கு, வழியில நுனி முறிஞ்சா சரி, முடிஞ்சுது. மரத்தூளுக்குள்ள வைச்சுப் பெட்டியில அனுப்பச் சொல்லுங்கோ. முழுக்க நஞ்சு, குழந்தையளும் ஆடும் எட்டாத இடத்தில நடுங்கோ.

முழங்காவில்: காட்டில சும்மா முளைச்சுக் கிடக்கிறதுக்குக் காசு குடுக்கிறது விசர் வேலையெல்லோ?
இந்தக் கதை எப்பவும் வரும். பாலைக் கண்டு வெளியில ஒரு சாண் தெரிஞ்சா ஆணிவேர் அதைவிட ஆழத்தில நிக்கும், மண்வெட்டியால கிண்டினா அறுந்துபோகும், நட்டாலும் ரெண்டு கிழமைக்குள்ள காயும். ஒதுக்கக் காடெண்டா பொரஸ்ட்காரர் வழக்கும் போடுவினம். எல்லாத்துக்கும் மேல, மிதிவெடி எண்டு சிவப்பு மண்டையோட்டு போர்ட் நிக்கிற பக்கம் கண்டுக்கு மட்டுமில்லை, விறகுக்கும் போகாதேங்கோ.

முழங்காவில் திரும்பவும்: எங்கட அப்பு காட்டில கிண்டித்தான் வேலி முழுக்க வைச்சவர்.
அப்பு மாரியில, விரல் நீளக் கண்டை, மண்ணோட பெயர்த்திருப்பார். எத்தினை பட்டதெண்டு அவரிட்டயே கேளுங்கோ.

ஒட்டுசுட்டான் இடையில: அவர் சொல்லுறது சரி, எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்.
சரி, பிழைச்சதுகள் நிக்குது, பட்டதுகளை ஆர் எண்ணினது? காசு மிச்சம் பிடிக்கவேணுமெண்டா பழக்காலத்தில றோட்டுக்கரையில விக்கிற பாலைப்பழத்தை வாங்கித் திண்டுபோட்டுக் கொட்டையை உடன போடுங்கோ, காயவைச்சு அலுமாரிக்குள்ள வைச்சா முளைப்பு குறைஞ்சுபோகும்.

பரந்தன்: தமிழ்நாட்டில இருந்து சூட்கேசுக்குள்ள கண்டு கொண்டுவரலாமோ?
ஏலாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அனுமதிப்பத்திரம் வேணும். கட்டுநாயக்க தாவரத் தொற்றுகாப்பு நிலையத்தில கேளுங்கோ.

வவுனியா: அப்ப பாலைக் கொட்டையை ஆனியில ஓடர் பண்ணலாமோ?
கொட்டை எண்டா ஆனி, கண்டு எண்டா ஐப்பசி. இனி மாசம் கேட்டா பதில் இல்லை.