பூட்டனின் இரட்டைக்குழல் தோக்கு

அன்புள்ள ஐயா,

குலசேகரத்தில் எங்கள் குடும்பத்தில் தலைமுறைகளாக ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியில் எங்கள் பூட்டன் ஒருவர் ஏந்தியது என்பார்கள். ‘யானைத் தோக்கு’ என்றும் சொல்வார்கள். உரிமம் வைத்திருந்த அப்பா காலமான பின் அதை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருக்கிறோம். குழலுக்குள் என் கட்டைவிரல் நுழைகிறது. உட்புறம் வழவழப்பாக இருக்கிறது. விசைக்காப்பின் அடியிலுள்ள நெம்புகோலைப் பக்கவாட்டில் திருப்பினால் குழல்கள் மடிந்து திறக்கின்றன. மேலே பெயர் எதுவும் படிக்கக் கிடைக்கவில்லை. கடைக்காரர் குழல்களைக் கழற்றி எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். இதன் வயது என்ன? துருவைத் தேய்த்து மெருகேற்றலாம் என்கிறார் மாமா. செய்யலாமா?

எஸ்., குலசேகரம்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மாமாவைத் தடுத்துவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு குழலை நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதன் அடிப்புறத்தில் முத்திரைகள் இருந்த இடத்தில் மங்கலான பள்ளங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன; அந்தத் துப்பாக்கியின் பிறப்பை இனி எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எண்ணெய் தோய்த்த மெல்லிய துணியால் துடைப்பது போதும். எழுத்து தெரியாவிட்டால் சுண்ணக்கட்டிப் பொடியை விரலால் தடவுங்கள். பள்ளங்களில் வெள்ளை தங்கி எழுத்து எழுந்து வரும்.

திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி ஆங்கிலேயருக்கு எதிராக எழுப்பிய கிளர்ச்சி 1809இல் நடந்தது. அன்றைய துப்பாக்கிகள் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடித்தவை. உங்களுடையது பின்புறம் மடிந்து திறந்து தோட்டாவை ஏற்பது. நீங்கள் விவரிக்கும் அடி நெம்புகோல் 1859இல் ஹென்றி ஜோன்ஸ் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அமைப்பு. ஆகவே குடும்பக் கதை அரை நூற்றாண்டுக்கு மேல் பிந்தியே தொடங்க வேண்டும். ஆனால் அந்த நெம்புகோலை மட்டும் வைத்து 1860களின் துப்பாக்கி என்று முடிவுகட்டுவதும் தவறு. கனத்த மருந்தைத் தாங்கும் உறுதி அதற்கு இருந்ததால், சிறிய துப்பாக்கிகளில் மேல் நெம்புகோல் வந்த பிறகும் பெருங்குழல் துப்பாக்கிகளில் அதையே நெடுங்காலம் பொருத்தினார்கள்.

வயதைத் தீர்மானிப்பது உங்கள் மூன்றாவது படம். குழலின் தட்டையான அடிப்பகுதியில் கிரீடமும் அதன் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும் தெரிகின்றன. 1813இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த பர்மிங்காம் சோதனைக் கூடத்தின் முத்திரை அது. அளவுக்கு மிஞ்சிய மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காத குழலுக்கே அதைப் பதித்தார்கள். பக்கத்தில் ஒரு சாய்சதுரம், அதனுள் 8 என்ற எண், எண்ணின் கீழே ‘சி’ என்ற ஆங்கில எழுத்து. தோட்டா அறையின் அளவைச் சொல்லும் இந்தச் சாய்சதுரம் 1887ஆம் ஆண்டு விதிகளோடு வந்தது. 1904இல் அந்தக் கூடம் தன் முத்திரைகளை மாற்றி, செங்கோல்களுக்குப் பதிலாகக் கிரீடத்தின் கீழ் எழுத்துகளைப் பதிக்கத் தொடங்கியது. அவை உங்கள் படத்தில் இல்லை. எனவே இந்தக் குழல்கள் 1887க்கும் 1904க்கும் இடையில் சோதிக்கப்பட்டவை. திருவிதாங்கூரில் அது ஸ்ரீமூலம் திருநாளின் ஆட்சிக்காலம். குலசேகரத்துக்கு எப்போது வந்தது என்பதை அப்பாவின் பெட்டியிலுள்ள பழைய உரிமத் தாள்கள் சொல்லக்கூடும், அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

தோட்டா அறை எட்டாம் எண் என்றால், குழலும் ஏறக்குறைய அந்தப் பருமன்தான். ஒரு ராத்தல் ஈயத்தை எட்டுச் சமமான குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டு எவ்வளவு விட்டம் இருக்குமோ, அதுவே எட்டாம் எண் குழலின் உள்விட்டம்: சுமார் 21.2 மில்லிமீட்டர். நாம் வழக்கமாகக் காணும் பன்னிரண்டாம் எண் குழலுக்கு 18.5 மில்லிமீட்டர்தான். எண் குறையக் குறையக் குழல் பெருக்கும் என்பதால்தான் பலர் இதில் தடுமாறுகிறார்கள். அளந்து பார்ப்பதானால் முனையில் அளக்க வேண்டாம், அங்கே குறுக்கியிருக்கலாம். பின்புறத்திலிருந்து ஒன்பது அங்குலம் உள்ளே அளப்பதே சோதனைக் கூடத்தின் வழக்கம்.

யானைக்கு எனச் செய்த எட்டாம் எண் துப்பாக்கிகள் உண்மையிலேயே இருந்தன. ஆனால் அவற்றின் குழலுக்குள் பெரும்பாலும் சுருள் வரிகள் ஓடும். உங்களுடையது வழவழப்பு என்பதால், சிறு ஈயச் சன்னங்களைக் கூட்டமாக எறிந்து தொலைவிலுள்ள நீர்ப்பறவைகளை வீழ்த்தச் செய்தது என்றே கொள்கிறேன். தேரூர்க் குளத்தில் சிறகிகள் இறங்கும் காலையில் கரையில் நின்றவர்களுக்கு, இன்று அங்கே அவை அச்சமின்றி மேய்வது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

குழலின் மேற்பரப்பில் தெரியும் அலையலையான கோலம் துருவல்ல. இரும்பையும் எஃகையும் கம்பிகளாக முறுக்கி, ஒரு கோலைச் சுற்றி வளைத்துப் பற்றவைத்த தமாஸ்கஸ் குழல் அது. மாமாவின் உப்புத்தாள் முதலில் அழிப்பது அதைத்தான். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்கான சோதனை முத்திரையும் இதில் இல்லை. இன்றைய தோட்டாவை எந்தக் காரணம் கொண்டும் இதில் இட்டுச் சுட வேண்டாம். குழல் பிளந்து கை போய்விடும்.

பழையது என்பதாலேயே உரிமம் தேவையில்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையிலுள்ள பழம்பொருளுக்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு அளிக்கிறது. வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அதுவரை அது கடையிலேயே இருக்கட்டும். அடுத்த முறை அங்கே போகும்போது, குழல்களுக்கு நடுவிலுள்ள மேல்பட்டையிலும் சுண்ணப் பொடியைத் தடவி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விற்றவரின் பெயர் அங்கேதான் வழக்கமாக இருக்கும்.